கொள்ளைநோய்க் காலத்திற் பல்கலைக்கழகக் கல்வி: எத்தாளைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி மாலை புத்தளம் மாவட்டத்திலே ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் அச்சட்டம் விரிக்கப்பட்டது 20ஆந் திகதியிலேதான். இத்தாலியிலே தொழில்புரிந்து திரும்பியோர் பலர் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள சிலாபம், வென்னப்புவ முதலாய இடங்களுக்கு வந்திருந்தமை இந்த முந்துதலுக்குக் காரணமாயிற்று. ஆயினும் சட்டம் மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடும் அன்று மாலையே அடங்கிப்போயிற்று.

அக்குடாநாட்டில் நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் இடையே அமைந்த ஊர் எத்தாளை. பாலாவிச் சந்தியிற் பிரிந்து கற்பிட்டி வரை செல்லும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான வீதியே இப்பகுதி மக்களை வெளியுலகுடன் இணைப்பது. மணற்பாங்கான நிலத்திற் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் விளைவித்தல், மீன் பிடித்தல், கருவாடு போடுதல், தென்னை என்பன குடாநாட்டு மக்களின் வாழ்க்கைத் தொழில்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்ததும் புத்தளம் மாவட்டத்திலேயாகும். கல்வி இப்பிரதேசத்துக்குப் புதியதொன்றன்று. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்திலே நூலாக்கிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர். ஆயினும் பல்கலைக்கழக அனுமதியிலே கல்வி வாய்ப்புக் குறைந்தவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் ஒன்றாகவே புத்தளம் இருந்துவந்துள்ளது. குடாநாட்டிலிருந்து ஒருவர் பல்கலைக்கழகம் புகுதல், அக்குடும்பத்துக்கு மட்டுமன்றி அத்தெருவுக்கே ஒரு செய்தியாகும்.

அவ்வாறு ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றிருந்தோர், மார்ச் நடுப்பகுதியிலே பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கையிலே அகப்பட்ட குறிப்பேடுகளுடன் வீடு திரும்பினர். இரண்டு வாரங்களில் மீளலாம் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. சில வாரங்களில் அவர்களைத் தேடிப் பல்கலைக்கழகம் வீட்டுக்கே வந்தது. அது வந்த விதமும், வந்தபோது எதனைக் கொண்டுவந்து எதனை விட்டுவந்தது என்பதும் வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கன.

கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கல்விக்கூடங்கள் மூடப்படுதல் பழைய வழக்கமே. 1665இல் இலண்டனிற் பரவிய பிளேக் நோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது ஐசாக் நியூட்டன் தம் ஊராகிய வூல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார் என்பதும், அங்கிருந்த காலத்தில் அவரது பெருஞ்சிந்தனைகள் பல கருக்கொண்டன என்பதும் யாவரும் அறிந்த கதை. 2020இல் இக்கதை மாணவர்க்கு ஆறுதலாக மிகப் பலராற் கூறப்பட்டது. நியூட்டனின் தாயாருக்குச் சொந்தமாக நிலமும் மாளிகை வீடும் இருந்தன என்பதையும், வரவுப் பதிவுக்காக நாள்தோறும் எவரும் அவரை அழைக்கவில்லை என்பதையும் கூறினோர் குறைவு.

இலங்கையின் அனுபவம் வேறுவகையானது. 1934ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. குருநாகல், கேகாலை ஆகிய மாவட்டங்களின் கிராமங்களே அந்நோயினாற் பெரிதும் சிதைந்தன. அக்காலத்தில் நாட்டின் உயர்கல்விக்கு இருந்த பிரதான நிலையம் 1921இற் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியாகும். அங்கு பயின்றோர் சில நூற்றுவர். ஆங்கிலம் கற்ற, பெரும்பாலும் வசதிபடைத்த குடும்பத்தினர். நோயுற்ற கிராமத்தின் பிள்ளை கல்லூரியில் இல்லை. கல்லூரியின் பிள்ளை நோயுற்ற கிராமத்தில் இல்லை. எனவே பெருங்கொள்ளைநோய் ஒன்று உயர்கல்வியை எவ்வாறு தாக்கும் என்னும் வினா அன்று இலங்கையில் உண்மையான வினாவாக எழுந்திருத்தல் இயலாது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்பும், அதன் பின்னர் 1960ஐ அடுத்துக் கலைப்பீடங்களிலே சுயமொழிப் போதனை ஏற்பட்ட பின்புமே கிராமமும் பல்கலைக்கழகமும் ஒரே குடும்பத்தின் இரு இடங்களாயின. 2020இன் வினாவை எழுப்பியது நோய் மட்டுமன்று. இந்த 75 ஆண்டுக்காலச் சமூக மாற்றமுமாகும்.

நோயல்லாத பிற காரணங்களாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட சந்தர்ப்பங்கள் பல. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் வித்தியோதய, வித்தியாலங்கார வளாகங்கள் தடுப்பு முகாம்களாயின. 1987 தொடக்கம் 1990 வரையான காலப்பகுதியிலே தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுக்கணக்கில் இயங்காதிருந்தன. அத்தலைமுறையினர் பட்டம் பெறுதற்கு வழக்கத்திலும் மிகக் கூடிய காலம் எடுத்தது. அப்போது விரிவுரையாளர் தம் வீட்டிலிருந்தும் மாணவர் தம் வீட்டிலிருந்தும் பாடத்தைத் தொடரலாம் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அக்கால மூடல் ஒரு முழு நிறுத்தம். காலி வீதியில் வாழ்ந்தவனுக்கும் களப்புக்கரையில் வாழ்ந்தவனுக்கும் அது ஒரே நிறுத்தம். இழப்புப் பெரிது, ஆயினும் அவ்விழப்பு ஒரு வகுப்பு முழுவதற்கும் பொதுவாக இருந்தது.

போர்க்காலத்துத் தமிழ்மொழிப் பிரதேசங்களில் வேறொரு வழியும் கையாளப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கல்வியைத் தொடர இயலாதுபோன முஸ்லிம் மாணவர்க்காக 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, மறுவருடம் பல்கலைக்கழகமாயிற்று. இடம் இழந்தோருக்கு இன்னோர் இடத்தை அமைத்துக் கொடுத்தலே அன்று காணப்பட்ட தீர்வு. எத்தாளையினின்றும் நாட்டின் மறுகரையிலுள்ள அதன் ஒலுவில் வளாகத்துக்குக் குடாநாட்டு மாணவர் பலர் செல்வதற்கு இவ்வரலாறே அடிப்படை. 2020இன் தீர்வோ இடத்தையே இல்லாமற் செய்வதாக அமைந்தது.

இடமின்றிக் கற்பித்தலுக்கும் இந்நாட்டில் ஒரு மரபு உண்டென்பது இவ்விடத்திற் கருதத்தக்கது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதிய ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஒரு காலத்திற் பலர். 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அம்மரபு முறையான கல்விக்கலையாக வளர்ந்தது. தொலைவிலுள்ள மாணவனுக்கென்றே எழுதப்பட்ட அச்சுப் பாடங்கள், ஒப்படைகள், பிரதேச நிலையங்களிலே குறித்த நாள்களில் நிகழும் வகுப்புகள் என அதன் முறை அமைந்தது. புத்தளத்திலும் அதற்கொரு கற்கை நிலையம் உண்டு. ஆசிரியன் எதிரே இல்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, அவ்வின்மையை எவ்வாறு நிரப்புவது என்று எண்ணி எழுதப்படுவதே தொலைக்கல்விப் பாடம். படிப்பதற்குத் தானே நேரம் தெரிந்துகொள்ளும் உரிமையும் அதன் மாணவனுக்கு உண்டு. இவ்வளவும் நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டின் கைவசம் இருந்தவை. ஆயின் 2020இல் ஏனைய பல்கலைக்கழகங்கள் கைக்கொண்டது இம்மரபையன்று. விரிவுரை மண்டபத்திலே நிகழும் ஒரு மணிநேர உரையை, அதே நேரசூசியுடன், கம்பியில்லாத் தொடர்பிற் செலுத்துவதையே அவை பெரும்பாலும் மேற்கொண்டன. அவசர நிலையில் வேறென்ன செய்திருக்கலாம் என்று கேட்பின் விடை கூறுதல் அரிது. எனினும் அதனைத் தொலைக்கல்வி என்ற பெயரால் அழைத்தமை, அக்கலையை நன்கறிந்தவர்களுக்கு நேர்ந்த சிறு அநீதி எனலாம்.

இம்மாற்றம் இத்துணை விரைவாக நிகழ்ந்தமைக்குக் காரணமான ஒரு நிறுவனம் விரிவாகக் குறிப்பிடத்தக்கது. 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1990ஆம் ஆண்டளவிலே கொழும்பு, மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மின்னஞ்சல் தொடர்பாக அரும்பியது. வன்செயலாற் பல்கலைக்கழகங்கள் மூடியும் திறந்தும் தடுமாறிய அதே ஆண்டுகளிலேயே, முப்பது ஆண்டுகளின் பின் அவற்றைத் தாங்கப்போகும் வலையின் முதல் இழை நூற்கப்பட்டமை வியப்புக்குரியது. 2020 மார்ச் மாதத்தில் அவ்வலையமைப்பு சூம் என்னும் காணொளிச் சந்திப்பு வசதியைப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் வழங்கியது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் அப்போது இருந்த அரச பல்கலைக்கழகங்கள் 15. அவற்றின் இணையத்தளங்களையும் வகுப்புகளையும் மாணவர் கட்டணமின்றி அணுகுதற்குத் தொலைபேசி நிறுவனங்கள் இணங்கின. உலகெங்கும் ஏறத்தாழ 150 கோடி மாணவர்க்குக் கல்விக்கூடக் கதவுகள் அடைபட்டிருந்த அக்காலத்தில், நடுத்தர வருமானமுள்ள நாடொன்று இவ்வாறு செய்தமை எளிய சாதனையன்று. ஆசிய அபிவிருத்தி வங்கி அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் குறிப்பொன்று, இந்நாட்டு மாணவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் இணையவழிக் கல்வியை அணுகினர் எனப் பாராட்டியது.

தொண்ணூறு என்னும் எண் பெருமைக்குரியதே. எனினும் வரலாற்றை எழுதுவோர் எஞ்சிய பத்தையும் தேடிச் செல்லவேண்டியவராவர். தொண்ணூற்றுக்குள்ளும் எல்லா அணுகலும் ஒருதன்மைத்தன்று. கொழும்பிலே தனியறையில், மடிக்கணினியின் முன்னால், நிலையான இணைப்புடன் இருந்தவனும் அத்தொண்ணூறில் ஒருவன். வாசற்படியிலே நின்று, உடைந்த முகப்புள்ள கைத்தொலைபேசியிற் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவனும் அத்தொண்ணூறில் ஒருவன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கின்படி 2019இலே கணினி இருந்த வீடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மட்டுமே. ஊவா மாகாணத்துப் பொகிட்டியாவ என்னும் கிராமத்திலே பாடசாலைப் பிள்ளைகள் தொடர்பு தேடிக் காட்டுவழியே மலையேறிய காட்சி 2021இல் உலகச் செய்தி நிறுவனங்களாலும் பதிவுசெய்யப்பட்டது. கற்பிட்டிக் குடாநாட்டில் ஏறுதற்கு மலையுமில்லை.

கடற்கரைக் குடியிருப்பொன்றில் வீடென்பது எத்தகையது என்பதை மனங்கொண்டாலன்றி இதன் தன்மை விளங்காது. இரண்டு அறையுள்ள வீட்டிலே ஆறு பேர் வாழ்தல் அங்கு புதுமையன்று. ஊரடங்கின்போது அந்த ஆறு பேரும் பகல் முழுதும் வீட்டிலேயே இருந்தனர். கடலுக்குச் செல்லவேண்டிய தந்தை வீட்டில். பாடசாலைக்குச் செல்லவேண்டிய தம்பி தங்கையர் வீட்டில். அவர்கட்கும் வாட்ஸ்அப் மூலம் பாடங்கள் வந்தன. தொலைபேசியோ ஒன்று. பிடித்த மீனும் விளைந்த காய்கறியும் சந்தைக்குப் போகாது தேங்கிய நாள்களில், பல்கலைக்கழகத் தளங்களுக்கு அப்பாற்பட்ட எதனையும் பார்ப்பதற்கு வேண்டிய 'றீலோட்' அட்டை, அரிசிக்கும் மாவுக்கும் போட்டியாக நின்றது. வீட்டிலிருந்த மாணவனிலும் பார்க்க மாணவியின் நிலை கடினமானது. விடுதியிலே இருக்கும்போது அவள் பல்கலைக்கழக மாணவி. வீட்டிலே இருக்கும்போது அவள் மூத்த பெண்பிள்ளை. காலை ஒன்பது மணி விரிவுரையும் காலை ஒன்பது மணி அடுப்பும் ஒரே வேளையில் அவளை அழைத்தன. தன் ஒலிவாங்கியை அவள் திறவாதிருந்தமைக்குப் பாடத்தில் அக்கறையின்மை காரணமென்று விரிவுரையாளர் எண்ணியிருக்கலாம். பின்னணியிலே கேட்கும் வீட்டின் ஓசையைச் சகமாணவர் கேட்டுவிடுவர் என்னும் கூச்சம் காரணமாயிருந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

மின்சாரத்தின் கதையையும் இவ்விடத்திற் கூறுதல் பொருந்தும். எத்தாளைக்குத் தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாற்று வலுவுள்ள இலக்விஜய நிலக்கரி மின்னிலையம் உள்ளது. 2011இல் இயங்கத் தொடங்கிய அதுவே நாட்டின் மிகப் பெரிய மின்னிலையம். அதன் புகைபோக்கி குடாநாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. 2020 ஓகஸ்ட் 17ஆந் திகதி நாடு முழுதும் மின்சாரம் தடைப்பட்டபோது, அந்நிலையம் மீள இயங்குதற்குப் பல நாள்கள் எடுத்தமையால், அந்நாள்களிலே பிரதேசம் பிரதேசமாக மின்வெட்டு அமுலாக்கப்பட்டது. நாட்டுக்கே விளக்கேற்றும் நிலையத்தின் அயலிலே வாழ்தலால் எவருடைய தொலைபேசியிலும் மின்னேற்றம் தங்கிவிடுவதில்லை.

இவையெல்லாம் வறுமையின் விளைவுகள், நோய்க்காலத்தின் விளைவுகளல்ல என ஒருவர் கூறலாம். அக்கூற்றிற் பாதி உண்மையுண்டு. மறுபாதியைக் காண்பதற்கு, இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய எண்ணத்தை நோக்கவேண்டும். 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகவே அதனைக் கற்பனை செய்தார். 1952இலே பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது அக்கற்பனை மண்டபங்களாகவும் விடுதிகளாகவும் நூலகமாகவும் உருப்பெற்றது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றைப் பார்த்து வரைந்த இத்திட்டம் மேட்டுக்குடித்தனமானது என்று கண்டித்தோர் பலர். ஆயின் இலவசக் கல்வி அவ்விடுதிகளுக்குள் வேறொரு பொருளை நிரப்பிற்று. ஓர் எத்தாளை மாணவனுக்கு விடுதி என்பது ஒரு மேசை, ஒரு விளக்கு, இடையூறற்ற ஓர் இரவு. நூலகம் என்பது விலைகொடுத்து வாங்க இயலாத நூல்கள். கன்னங்கராவின் சட்டம் கட்டணத்தை நீக்கியது. ஜெனிங்சின் கட்டடம், எதிர்பாராத விதமாக, வீட்டின் வேற்றுமையை நீக்கியது. வளாகத்துக்குள்ளே காலடி வைத்த பின் எவனுடைய வீட்டிலே எத்தனை அறை என்பது விரிவுரைக்குத் தெரியாது.

2020இலே அக்கட்டடம் மட்டுமே நீக்கப்பட்டது. விரிவுரையும் ஒப்படையும் பரீட்சையும் தொடர்ந்தன. அதன் பயனாக, அதுவரை வளாகத்தின் வாயிலிலே விட்டுவரப்பட்ட வீட்டின் வேற்றுமை வகுப்புக்குள்ளே நுழைந்தது. முந்திய மூடல்களுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது. 1988இல் இழந்தோர் எல்லோரும் சேர்ந்தே இழந்தனர். 2020இலோ வகுப்பு முன்னே சென்றது. பின்தங்கியவன் தனியனாகப் பின்தங்கினான். அவ்வாறு பின்தங்கியமை அவன் குறையாகவே பதிவேட்டில் நின்றது.

எனினும் மறுபக்கத்து நியாயத்தையும் புறக்கணித்தல் ஆகாது. இரண்டு ஆண்டுகள் முற்றாக மூடியிருந்தால் மீண்டும் ஒரு தலைமுறை 1980களின் இறுதியிற்போலத் தேங்கிநின்றிருக்கும். அத்தேக்கத்தின் சுமையையும் ஏழை மாணவனே கூடுதலாகச் சுமப்பான். காத்திருத்தலுக்கும் பணம் வேண்டும்; நான்காண்டில் உழைக்கத் தொடங்கவேண்டியவன் ஏழாண்டு காத்திருத்தல் எத்தாளையிலே இயலக்கூடியதன்று. இவ்வகையில் நோக்கின், இணையவழிக் கல்வி அவனுக்கு இழைத்த தீமையும் செய்த நன்மையும் ஒருங்கே பிணைந்து நின்றன. விரிவுரைகளைப் பதிவுசெய்து பின்னர் கேட்கக் கொடுத்த விரிவுரையாளர்களும், எழுத்துக் குறிப்புகளைச் சிறு கோப்புகளாக அனுப்பியவர்களும், திறந்த பல்கலைக்கழகம் அறிந்திருந்ததைத் தாமே கண்டுபிடித்தவராவர். நேரடியாகத் தோன்றிய உரையிலும் பார்க்க, இரவில் ஊர் உறங்கியபின் கேட்கத்தக்க ஒலிப்பதிவு குடாநாட்டுக்குப் பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

தமிழ்மொழி மூலம் பயின்ற கலைப்பீட மாணவர்க்கு மேலும் ஒரு குறை இருந்தது. ஆங்கிலத்திலே கற்றோர்க்கு இணையத்தில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. இலங்கை வரலாற்றையோ சமூகவியலையோ தமிழிற் கற்பவருக்கு வேண்டிய நூல்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகத்தின் அலுமாரிகளிலேயே இருந்தன; அலுமாரிகள் பூட்டப்பட்டிருந்தன. 2005இலே தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகம் இவ்வேளையிற் கைகொடுத்தது. பழைய சஞ்சிகைகளும் மலர்களும் நூல்களும் அங்கு கட்டணமின்றிக் கிடைத்தன. ஆயின் அது பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பிலே தோன்றியதன்று. தமிழ் மாணவனின் தொலைக்கல்விக்கு வேண்டிய ஏட்டுத்தொகுதியை, கொள்ளைநோயைக் கனவிலும் எண்ணாத சிலர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தம் சொந்த உழைப்பாற் தொகுக்கத் தொடங்கியிருந்தனர் என்பதே உண்மை.

2020இன் நடுப்பகுதியிலே வளாகங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஒக்டோபரில் மினுவாங்கொடைத் தொற்றுப் பரவலுடன் மீண்டும் அடைபட்டன. 2021 ஏப்ரிலின் பின்னர் மூன்றாவது அலை. அவ்வாண்டு ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை நாடு தழுவிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு. ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழகம் திரைக்குத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் அத்திரும்பல் முன்னையதிலும் எளிதாயிற்று. இளைய வகுப்பினருட் சிலர் தம் விரிவுரையாளரைத் திரையிற் கண்ட பின்னரே வளாகத்திற் கண்டனர்.

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நோயின் வேகம் தணிந்துவிட்ட பின்னர், பொருளாதார நெருக்கடியால் நாட்டிலே எரிபொருள் தீர்ந்தது. பேருந்துகள் ஓடவில்லை. பல்கலைக்கழக வகுப்புகள் பல மீண்டும் இணையவழியாயின. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கூட்டங்களும் சுற்றறிக்கைகளும் விவாதங்களும் தேவைப்பட்ட அத்தீர்மானத்துக்கு இம்முறை அவை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. எத்தாளையிலே மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையேறியிருந்த அந்நாள்களில், வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி மறுபடியும் காலை ஒன்பது மணிக்கு ஒலித்தது.